பீப்பாய்க் கணக்கு: உல்லாசக் கப்பலில் கையைக் கடிக்காமல் பயணிப்பது எப்படி?

சிங்கப்பூரின் மரினா பே முனையத்திலிருந்து புறப்படும் ‘ஜென்டிங் டிரீம்’ கப்பல் சுமார் 1,50,000 டன் என்று போட்டிருப்பார்கள். படித்தவுடன் அது எடை என்றுதான் தோன்றும். எடை இல்லை, கப்பலுக்குள் அடைபட்டிருக்கும் இடத்தின் அளவு. அந்தக் கால ஐரோப்பாவில் ஒரு கப்பலில் எத்தனை பீப்பாய் ஒயின் ஏற்றலாம் என்று எண்ணித்தான் அதன் பருமனைச் சொன்னார்கள். அந்தப் பெரிய பீப்பாய்க்குப் பெயர் ‘டன்’. பீப்பாய் போய்விட்டது, பெயர் மட்டும் கப்பலோடு ஒட்டிக்கொண்டது.

டைட்டானிக் சுமார் 46,000 டன். 2024 ஜனவரியில் மியாமியிலிருந்து ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ 2,48,663 டன். அதில் 20 தளங்கள். கட்டில்கள் எல்லாம் நிரம்பினால் 7,600 பயணிகள், அவர்களைக் கவனிக்க 2,350 ஊழியர்கள். அன்றைய கப்பல் பீப்பாயை ஏற்றியது, இன்றைய உல்லாசக் கப்பல் மனிதரை ஏற்றுகிறது. இரண்டும் விற்பது இடத்தைத்தான். அந்த இடத்துக்குக் கம்பெனி எப்படி விலை வைக்கிறது, கப்பல் என்ற எந்திரம் எப்படி ஓடுகிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

காலிக் கட்டிலின் விலை

கயிறு அவிழ்ந்து கப்பல் கரையை விட்டு நகர்ந்துவிட்டால், காலியாகக் கிடக்கும் அறையின் மதிப்பு பூஜ்யம். அதை எடுத்து வைத்து நாளைக்கு விற்க முடியாது. இருட்டும் நேரத்தில் கூடையில் மிஞ்சிய மல்லிகையைப் பூக்காரம்மா விலை குறைத்துக் கொடுப்பது எதனாலோ, அதனால்தான் கப்பல் கம்பெனியும் அறையை இறக்கிக் கொடுக்கிறது. பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால், கப்பல் ‘நிரம்பிய’ அளவு 100 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். ஓர் அறைக்கு இருவர் என்று வைத்து 100 கணக்கிடுகிறார்கள். மூன்றாவது, நான்காவது கட்டிலிலும் ஆள் ஏறினால் எண் நூறைத் தாண்டிவிடும்.

அறையை மலிவாகக் கொடுத்துவிட்டு எப்படிப் பிழைக்கிறார்கள்? ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்பது நம் ஊர்ப் பழமொழி. பெரிய கம்பெனிகளின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டிக்கெட்டில் வருவதில்லை. கப்பலுக்குள் விற்கும் மது, சூதாட்டம், வைஃபை, ஸ்பா, புகைப்படம், கரைச் சுற்றுலா ஆகியவற்றிலிருந்து வருகிறது. டிக்கெட் சுண்டைக்காய், மற்றவை சுமைகூலி.

முதலில் சுண்டைக்காயைப் பார்ப்போம். விளம்பரத்தில் வரும் கட்டணம் பெரும்பாலும், இருவர் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்கு ஆகும் தொகை. தனியாகப் போனால் பல சமயம் இரண்டு பேர் கட்டணத்தையும் கொடுக்க நேரும். 2010இல் வந்த ‘நார்வீஜியன் எபிக்’ கப்பலில் தனிப் பயணிகளுக்கென்றே 128 சிறிய அறைகள் வைத்தார்கள். அதன்பின் வேறு சில கப்பல்களிலும் அத்தகைய அறைகள் வந்தன. தனியே போகிறவர்கள் முதலில் தேட வேண்டியது இவற்றைத்தான். குடும்பமாகப் போனால், அதே அறையின் மூன்றாவது, நான்காவது கட்டிலுக்குக் கட்டணம் வெகுவாகக் குறையும்.

‘எந்த அறையானாலும் சரி, நீங்களே ஒதுக்குங்கள்’ என்று விட்டுவிட்டால் அதற்கும் தள்ளுபடி உண்டு. முன்பணம் கட்டிப் பதிவு செய்தாலும் முழுப் பணம் கட்டும் கெடு பல வாரம் கழித்துத்தான் வரும். அதற்குள் விலை இறங்கினால், புதிய விலைக்கு மாற்றித் தரும்படி ஏஜெண்டிடம் கேளுங்கள். பல கம்பெனிகள் மாற்றித் தருகின்றன. கேட்காதவருக்குத் தானாக யாரும் குறைப்பதில்லை.

இன்னொரு மலிவு, கப்பல்கள் வேலைக்கு இடம் மாறும் பருவத்தில் கிடைக்கிறது. கோடையில் மத்தியதரைக் கடலில் ஓடும் கப்பல்கள் அக்டோபர், நவம்பரில் அட்லாண்டிக்கைத் தாண்டிக் கரீபியனுக்குப் போகின்றன. வசந்தத்தில் திரும்பி வருகின்றன. காலியாக ஓட்டுவதைவிட ஆளை ஏற்றிப் போவது மேல் என்பதால் ஓர் இரவுக்கான கட்டணம் நன்றாக இறங்கும். தொடர்ந்து ஆறேழு நாள் கடலைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது என்பதற்கு மனம் தயாராக வேண்டும். மேற்கே போனால் ஓர் ஆதாயம்: பல இரவுகள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள், நாளுக்கு 25 மணி நேரம். போக வர இரண்டு ஊர்களுக்கு விமான டிக்கெட் எடுக்க வேண்டும் என்பதையும் கூட்டிப் பார்த்துத்தான் இதில் இறங்க வேண்டும்.

மலிவான அறையே ஆடாத அறை

கப்பலின் அடித்தளங்களில் பெரிய டீசல் எஞ்சின்கள் இருக்கின்றன. புதிய கப்பல்கள் சிலவற்றில் அவை இயற்கை எரிவாயுவிலும் ஓடும். பெரும்பாலான நவீன கப்பல்களில் இந்த எஞ்சின்கள் உந்துவிசிறியை நேராகச் சுழற்றுவதில்லை. மின்சாரம் தயாரிக்கின்றன. உந்துவிசிறியைச் சுற்றும் மோட்டாரும், அறைக்கு ஏசியும், சமையல்கட்டு அடுப்பும் எல்லாம் அந்த ஒரே மின்சாரத்தில்தான். ஆகவே கப்பல் என்பது தன் மின்நிலையத்தைத் தானே சுமந்து திரியும் ஒரு சின்ன நகரம்.

அந்த நகரம் அலையில் இரண்டு விதமாக ஆடும். ஒன்று, முன்னும் பின்னும் ஏறி இறங்குவது. பூங்காவில் சீசாவில் உட்கார்ந்த பிள்ளைகளைப் பாருங்கள்: இரு முனைகளும் எழும்பித் தாழும், நடுவே அச்சுக்குப் பக்கத்தில் அசைவே இருக்காது. மற்றொன்று, பக்கவாட்டில் சாய்வது. காற்றில் தென்னை ஆடும்போது உச்சி வீசி ஆடும், அடிமரம் நிற்கும். பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கக் கப்பலின் இரு விலாவிலும் மீன் துடுப்புப்போல மடக்கி நீட்டும் தகடுகள் உண்டு. முன்பின் ஆட்டத்துக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஆட்டம் மிகக் குறைந்த இடம் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் இல்லாத உள்ளறைகளும் விலை குறைந்த அறைகளும் கணிசமாக இருப்பது அங்கேதான். உச்சித் தளத்தில் பால்கனியோடு இருக்கும் விலையுயர்ந்த அறையில்தான் வயிறு அதிகம் கலங்கும். எந்த அறையில் தூங்கினாலும் சாப்பாடு, நீச்சல் குளம், மேல்தளக் காற்று எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. தளப் படத்தை ஒருமுறை பார்த்து, நடன அரங்குக்கு நேர் கீழேயோ பின்பக்க எஞ்சின் அதிர்வுக்கு அருகிலோ இல்லாத அறையாகத் தேர்ந்தெடுங்கள்.

சுமைகூலி முக்கால் பணம்

கப்பலில் காசு புழங்காது. அறைச் சாவியான அட்டையை நீட்டினால் போதும், செலவு கணக்கில் ஏறிவிடும். கையிலிருந்து நோட்டு போகாததால் போவது உறைக்காது. இந்திய கிரெடிட் கார்டை அந்தக் கணக்கோடு இணைத்தால் அந்நியச் செலாவணி மாற்றுக் கட்டணமும் சேரும். முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரிலிருந்து தொடங்கலாம். கடல்நீரைக் காய்ச்சி வடித்தும், அழுத்தம் கொடுத்து நுண்சவ்வில் வடிகட்டியும் கப்பலிலேயே நன்னீர் தயாரிக்கிறார்கள். காய்ச்சுவதற்கு எஞ்சினின் வீண்சூடு உதவுகிறது. குழாயில் வருவது குடிக்கத் தகுந்த நீர். பஃபே கூடத்தில் தண்ணீர், காப்பி, டீ இலவசம். ஒரு காலி பாட்டில் எடுத்துப் போனால், பாட்டில் தண்ணீருக்குக் கொடுக்கும் டாலர்கள் மிச்சம்.

மதுவகைகளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ‘பேக்கேஜ்’ விற்பார்கள். எல்லா நாளுக்கும் சேர்த்து வாங்க வேண்டும். பல கம்பெனிகளில் ஒரே அறையிலிருக்கும் பெரியவர்கள் அனைவரும் வாங்க வேண்டும். பகல் முழுக்க கரையில் சுற்றும் நாளுக்கும் சேர்த்துத்தான் கட்டணம். ஒரு நாள் பேக்கேஜ் 70 டாலர், ஒரு கோப்பை சேவைக் கட்டணத்தோடு 14 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் ஐந்து கோப்பை குடித்தால் கணக்கு சரியாகும். அதற்குக் குறைவாகக் குடிப்பவருக்கு நஷ்டம். குடிக்காதவருக்கு இந்தப் பேச்சே வேண்டாம்.

கைபேசிதான் சத்தமில்லாமல் கடிக்கும். நடுக்கடலில் சிக்னல் காட்டினால் மகிழ வேண்டாம். அது கப்பலிலேயே இருக்கும் சிறு கோபுரம், செயற்கைக்கோள் வழியே இணைகிறது. சாதாரண ரோமிங் திட்டங்களில் பல இதைச் சேர்ப்பதில்லை. கப்பல் கிளம்பும்போதே ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். வைஃபை தேவையானால் வீட்டிலிருந்தே முன்பதிவு செய்யுங்கள். ஏறியபின் வாங்கும் விலை பெரும்பாலும் கூடுதல்.

டிப்ஸ் பல கப்பல்களில் தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று தானாகவே கணக்கில் ஏறும். நாளுக்கு 16 டாலர் என்றால் நான்கு பேர் குடும்பத்துக்கு ஏழு இரவில் 448 டாலர். இரண்டு கப்பல்களை ஒப்பிடும்போது இதையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். ஆனால் இதை நீக்கச் சொல்லி மிச்சம் பிடிப்பது அழகல்ல. மாதக்கணக்கில் வீட்டை விட்டு, வார விடுமுறையின்றி உழைக்கும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசிய, இந்திய ஊழியர்களின் கூலியில் ஒரு பகுதி அது.

கரையில் நம் இஷ்டம்

நல்ல மிச்சமும் நல்ல சந்தோஷமும் துறைமுகத்தில்தான். கப்பல் விற்கும் டூரில் ஐம்பது பேரோடு பஸ்ஸில் ஏறி, கொடிக்குப் பின்னால் நடக்க வேண்டும். சொந்தமாகப் போவதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய ஒரே கேள்வி போதும்: துறையிலிருந்து ஊர் எவ்வளவு தூரம்?

பினாங்கில் தூரமே இல்லை. சுவெட்டன்ஹாம் துறையில் இறங்கி வெளியே வந்தால் விக்டோரியா மணிக்கூண்டு. பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. சற்று நடந்தால் லிட்டில் இந்தியா, அங்கே குவீன் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், தமிழில் பெயர்ப்பலகைகள், வாழையிலைச் சாப்பாடு. 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இந்த ஜார்ஜ் டவுனை நடந்தே பார்க்கலாம். டூர் வாங்குவது வீண்.

ஏதென்ஸுக்குப் போகும் கப்பல்கள் பிரேயஸ் துறைமுகத்தில் நிற்கும். அங்கிருந்து நகருக்கு 1869 முதலே ரயில் ஓடுகிறது. இப்போது அது மெட்ரோ. அக்ரோபோலிஸ் குன்றின் அடிவாரத்துக்கு அருகே மொனாஸ்டிராகியில் இறங்கிவிடலாம்.

‘ரோம்’ என்று பயணத் திட்டத்தில் போட்டிருந்தாலும் கப்பல் நிற்பது 70 கிலோமீட்டருக்கும் அப்பால் சிவிட்டாவெக்கியாவில். கப்பல் டூரின் விலை கண்ணைக் கட்டும். துறைமுகத்திலிருந்து ரயில் நிலையம் போய்ச் சாதாரண ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் சான் பியெத்ரோ நிலையம். அங்கிருந்து வத்திக்கான் தேவாலயத்துக்கு நடந்துவிடலாம். டிக்கெட் சில யூரோதான். காகித டிக்கெட்டானால் ஏறுமுன் நிலையத்திலுள்ள பொறியில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அபராதம்.

சொந்தமாகச் சுற்றுபவருக்கு ஒரே ஆபத்து தாமதம். கப்பல் டூர் பஸ் தாமதமானால் பொறுப்பு கம்பெனியுடையது. நீங்கள் தாமதமானால் கப்பல் போய்விடும். இது ஈவிரக்கமின்மை இல்லை, இயற்பியல். நீரைக் கிழித்துப் போகும் கப்பலின் வேகத்தை இரட்டிப்பாக்க, தேவைப்படும் சக்தி ஏறத்தாழ எட்டு மடங்கு. ஒரு மணி நேரம் காத்திருந்தால், அந்த நேரத்தை ஈடுகட்ட எரிபொருளைக் கொட்ட வேண்டும். அடுத்த துறைமுகத்தில் பிடித்துவைத்த நேரமும் தவறும். எனவே கடைசி ரயிலை நம்பாமல், அதற்கு முந்தியதற்கும் முந்தியதைப் பிடியுங்கள். கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வையுங்கள். கரை நேரம் வேறாக இருக்கலாம். புக்கெட்டின் பட்டோங் கரைபோல, நங்கூரமிட்டுப் படகில் இறக்கும் இடங்களில் கப்பல் புறப்படும் நேரத்தைப் பார்க்கக் கூடாது. கடைசிப் படகின் நேரம்தான் கெடு. ஒரே மலைப்பாதை வழியே போய்த் திரும்ப வேண்டிய தூர இடமானால், கப்பல் டூரையே வாங்குங்கள்.

மிச்சம் பிடிக்கக் கூடாதவை

பயணக் காப்பீட்டில் கை வைக்காதீர்கள். கப்பல் மருத்துவமனையின் பில் டாலரில் வரும், ஊரில் எடுத்த மருத்துவ பாலிசி பெரும்பாலும் உதவாது. விசாவையும் நன்றாகப் பாருங்கள். கப்பல் வேறு நாட்டுக்குப் போய்த் திரும்பி வந்தால், புறப்பட்ட நாட்டுக்குள் நீங்கள் இரண்டாம் முறை நுழைகிறீர்கள். ஒருமுறை நுழையும் விசா போதாது. ஏறும் ஊருக்கு முந்தின நாளே போய்ச் சேருங்கள். ஓரிரவு விடுதி வாடகை, தவறவிட்ட கப்பலைவிட மலிவு.

கடைசி இரவு, கணக்கைத் திரையில் திறந்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். வாங்காத படமோ குடிக்காத கோப்பையோ இருந்தால் அப்போதே சொல்லுங்கள். காலையில் வரவேற்பு மேசைமுன் நீண்ட வரிசை நிற்கும். அன்றிரவே பெட்டிகளை அறை வாசலில் வைத்தால் ஊழியர்கள் கொண்டுபோய் இறக்குவார்கள். மறுநாள் உங்கள் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லிப் பெட்டியை நீங்களே உருட்டிக்கொண்டு இறங்கினால், பல கப்பல்களில் முதல் ஆளாக வெளியேறலாம். மரினா பே முனையத்திலிருந்து மரினா சவுத் பியர் எம்ஆர்டி நிலையம் நடந்து போகும் தூரம்தான். டாக்சி வரிசை நீள்வதற்குள் நீங்கள் ரயிலில் உட்கார்ந்திருப்பீர்கள். சுண்டைக்காய் கால் பணத்துக்கே வீடு வந்து சேரும்.