ஏரிக்குக் கீழே ஒரு மனை

சென்னையின் இரைச்சலிலிருந்து விலகி, கிணறும் வேப்பமரமும் உள்ள ஒரு சிற்றூரில் வீடு வாங்க விரும்புவோர் பெரும்பாலும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் ஊர்களையே நாடுகின்றனர். இம்மூன்றும் சேர்ந்திருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று அழைப்பது வழக்கம். வற்றாத ஆறு இல்லாத இந்நிலத்தில் வடகிழக்குப் பருவமழையைத் தேக்கி வைத்தே வேளாண்மை நடந்தது என்பதால், குடியிருப்பு எங்கே, வயல் எங்கே, மந்தை எங்கே, சுடுகாடு எங்கே என்பதையெல்லாம் ஏரியே தீர்மானித்தது. ஆகவே இங்கு மனை வாங்குபவர், அறிந்தோ அறியாமலோ, ஒரு பழைய நீர்ப்பாசன அமைப்புக்குள் ஓர் இடத்தை வாங்குகிறார். விற்பனைப் பத்திரத்தில் அந்த அமைப்பு தெரிவதில்லை. ஊரின் பதிவேடுகளிலும் மழைக்காலத்திலும்தான் தெரிகிறது.

ஏரி என்பது நீர் நிற்கும் பள்ளம் மட்டுமன்று. மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்கால், நிலச்சாய்வின் தாழ்ந்த பக்கத்தில் வளைவாக எழுப்பப்பட்ட கரை, வயலுக்கு நீர் விடும் மதகு, நிரம்பியபின் மிகைநீர் வழிந்தோடும் கலங்கல், அந்நீரை அடுத்த ஏரிக்கு எடுத்துச் செல்லும் போக்குக்கால், மதகு நீரால் பயிராகும் ஆயக்கட்டு என்னும் வயற்பரப்பு ஆகிய அனைத்தும் சேர்ந்ததே ஏரி. ஆயக்கட்டு கரைக்குக் கீழே, நிறைந்த ஏரியின் நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்து கிடக்கிறது; அவ்வாறு தாழ்ந்திருப்பதால்தான் இறைக்காமலே நீர் பாய்கிறது. பயிர் நின்று தரிசான அந்த வயல், மண் கொட்டி, கல் நட்டு, மனையாக மாறும்போது பயிர் மறைகிறதே தவிரத் தாழ்வு மறைவதில்லை. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தபோது, அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்து, மக்கள் படகுகளில் மீட்கப்பட்டனர். அந்த மழையை அரிதினும் அரியது என்று ஒதுக்கிவிட இடமில்லை, ஏனெனில் 2021 நவம்பரிலும் அப்பகுதிகள் நீரில் நின்றன. கோடையில் மட்டும் மனையைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பது இவ்வட்டாரத்தில் செய்யக்கூடாத செயல். கார்த்திகை மாதத்து மழைக்கு மறுநாள் அந்தத் தெருவில் நடந்து பார்ப்பது எந்த ஆவணத்துக்கும் குறையாத சான்று.

ஆவணங்களுள் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் கேட்காதவர் இல்லை. பட்டா என்பது வருவாய்த் துறை வழங்கும் உரிமைப் பதிவு. வில்லங்கச் சான்று என்பது ஒரு சொத்தின் மீது குறிப்பிட்ட காலத்தில் பதிவான விற்பனை, அடமானம் முதலிய நடவடிக்கைகளைப் பதிவுத் துறை தொகுத்துத் தருவது. ஆனால் நிலத்தின் இயல்பை உரைப்பது ‘அ’ பதிவேடு என்னும் கிராமக் கணக்கே. ஒரு சர்வே எண்ணுக்குரிய நிலம் அரசுடையதா தனியாருடையதா, நன்செயா புன்செயா, அதற்கு நீர் எந்த ஏரியிலிருந்து வந்தது என்ற விவரங்கள் அதில் உள்ளன. ஏரி உள்வாய், வாய்க்கால் புறம்போக்கு, மேய்க்கால், களம் போன்ற சொற்கள் அதில் காணப்படுமானால் அவ்விடம் ஊரின் பொதுச்சொத்து என்று பொருள். அதனுடன் புலப்படத்தையும், அதாவது ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் வரைபடத்தையும், கிராம வரைபடத்தையும் ஒப்பிட்டால், இன்று தார்ச்சாலையாகத் தோன்றும் ஒரு கோடு முன்பு வாய்க்காலாக இருந்ததா என்பது விளங்கும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் கணக்குகள் புதுப்பிக்கப்பட்டபோது பெயர்களிலும் பரப்புகளிலும் பிழைகள் நேர்ந்ததால், அதற்கு முந்தைய பதிவேட்டோடும் மூலப்பத்திரத்தோடும் சரிபார்ப்பது வழக்கறிஞர்களின் நடைமுறை.

இவ்வட்டாரத்தில் தனியே சொல்லவேண்டியது பஞ்சமி நிலம். செங்கல்பட்டின் பொறுப்பு ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891-இல் அம்மாவட்டத்து ஒடுக்கப்பட்ட மக்களின் நிலமற்ற நிலையை விரிவாக எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் சென்னை மாகாண அரசு அவர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. முதல் பத்தாண்டுகளுக்கு அந்நிலத்தை விற்கக் கூடாது, அதன்பின்னும் அவ்வகுப்பினருக்கே விற்கலாம், மீறிய விற்பனை செல்லாது என்பன நிபந்தனைகள். இருந்தும் அந்நிலங்கள் பெருமளவில் பிறர் கைக்குப் போயின. மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள காரணை ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி 1994-இல் எழுந்த போராட்டத்தில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் உயிரிழந்தனர். கடற்காற்று வீசும் அழகிய மனை என்று விளம்பரப்படுத்தப்படும் ஓரிடம் பழைய பதிவேட்டில் நிபந்தனை ஒப்படை நிலமாக இருக்கலாம். அதைத் தெரிந்தே வாங்குவது சட்டத்தின்படி செல்லாது என்பதோடு, ஏழைகளுக்குச் சேரவேண்டியதைப் பறிக்கும் அநீதியுமாகும்.

அங்கீகாரம் பற்றிய குழப்பம் இன்னும் தீரவில்லை. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற பெயரில் ஊராட்சித் தலைவரின் கையெழுத்தோடு விற்கப்படும் மனைப்பிரிவுக்குச் சட்ட மதிப்பு இல்லை. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கும் நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்குமே உண்டு. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் ஆணையிட்டது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு 2016 அக்டோபர் 20 முதல் நடைமுறைக்கு வந்ததும், அந்நாளுக்கு முன் விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வகுக்கப்பட்டன. ஆகவே பழைய மனையை வாங்குபவர் வரன்முறை ஆணையைக் கேட்டுப் பெறுவது இன்றியமையாதது. உரிமையாளர் நேரில் வராமல் பொது அதிகார ஆவணத்தின் பேரில் பிறர் விற்கும்போது, அந்த அதிகாரம் இன்னும் நடப்பில் உள்ளதா, அதைத் தந்தவர் உயிருடன் உள்ளாரா என்பதையும் உறுதி செய்தல் வேண்டும்.

அமைதியைத் தேடி வருபவர் இன்றைய அமைதியை மட்டும் பார்த்தல் போதாது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர்ப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்க 2022-இல் அரசு ஆணையிட்டது. ஒவ்வொரு சர்வே எண்ணும் குடியிருப்பு, வேளாண்மை, தொழில் என எந்தப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டது என்பதை முழுமைத் திட்டம் காட்டுகிறது. தம் மனைக்கு மட்டுமன்றி அக்கம்பக்கத்து எண்களுக்கும் அதைப் பார்ப்பவர் சிலரே. எதிர்ப்புறத்து வயல் தொழில் பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தால் நெல்லின் பசுமை சில ஆண்டுகளுக்கே நிற்கும். கல்குவாரியும் ஜல்லி அரைவை ஆலையும் உள்ள சாலையில் பகலில் காணாத லாரிகள் இரவில் ஓடும். பரந்தூர் விமான நிலையத் திட்டம் 2022-இல் அறிவிக்கப்பட்டதும், ஏகனாபுரம் முதலிய ஊர்களின் மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்த வீடுகளையும் ஏரிகளையும் காக்கப் போராடத் தொடங்கினர்; நில எடுப்பு அறிவிக்கையில் உள்ள எண்கள் எவை என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டறிவது, சுற்றுவட்டாரத்தில் நிலம் வாங்க எண்ணுவோருக்குத் தவிர்க்க முடியாதது.

ஊராட்சிப் பகுதிகளில் பாதாளச் சாக்கடை இல்லை. ஒவ்வொரு வீடும் தன் கழிவுத் தொட்டியையும் ஆழ்துளைக் கிணற்றையும் ஒரே சிறு மனைக்குள் அமைக்க நேர்வதால், தம்முடைய தொட்டியை மட்டுமன்றி அண்டை வீட்டுத் தொட்டி எங்குள்ளது என்பதையும் அறிந்தபின்பே கிணற்றுக்கு இடம் குறித்தல் நலம். நீரின் சுவை ஊருக்கு ஊர் மாறும். வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை மிகுதியாக உறிஞ்சியதால் கடல்நீர் உட்புகுந்தது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. 2019-இல் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, நகரின் தாகத்தைத் தணித்த டேங்கர் லாரிகள் இத்தகைய ஊர்களின் கிணறுகளிலிருந்தே நிரம்பின. அப்படி நீர் விற்கும் கிணறு பக்கத்தில் இருந்தால் புதிய வீட்டின் கிணறும் அதனோடு சேர்ந்தே வற்றும்.

பத்திரங்களில் ‘மாமூல் வழிப்பாத்தியம்’ என்றொரு தொடர் வரும். ஒருவருடைய நிலத்தின் வழியே பிறர் காலங்காலமாக நடந்தும் வண்டி ஓட்டியும் வந்த உரிமையை அது குறிக்கிறது. மனைப்பிரிவைச் சுற்றி உயர்ந்த மதில் எழும்போது முதலில் அடைபடுவது இந்த வழியே: மாடுகள் மேய்ச்சலுக்குப் போன பாதை, வயலுக்கு வித்து கொண்டுசென்ற வரப்பு, இடுகாட்டுக்குப் பிணம் எடுத்துச் சென்ற தடம். நகரத்திலிருந்து வருபவர்மீது ஊரார் கொள்ளும் மனக்கசப்பு பெரும்பாலும் இங்கேயே தொடங்குகிறது. அது நியாயமான கசப்பும்கூட. அவ்வூரின் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தவர் அனைவரும் கிராம சபையின் உறுப்பினர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடும் அச்சபையில்தான் வரத்துக்கால் தூர்வாருவதும், குப்பை கொட்டும் இடமும், அடைபட்ட பாதையும் ஊரார் முன்னிலையில் பேசப்பட்டுத் தீர்மானமாகின்றன.