சித்திரத்தில் வயது

ஜப்பானியரின் அனிமே சித்திரங்களைப் பார்த்து நம் வீட்டுக் குழந்தைகள் ஆவலுடன் வரைகின்றனர். ஆயினும் அவர்கள் தீட்டும் சிறுமியும் தாயும் பாட்டியும் பெரும்பாலும் ஒரே முகமாய் அமைந்துவிடுகின்றனர். நரை மட்டும் வயதைக் காட்டிவிடாது. உறுப்புகளின் அளவும் உடலின் நிலையுமே காட்டும்.

குழந்தைக்குத் தலை பெரிது; அகன்ற கண்கள் முகத்தில் தாழ அமையும்; மூக்கும் தாடையும் சிறுத்திருக்கும். பிராயம் ஏற ஏறக் கண் சுருங்கும். முகமும் கழுத்தும் நீளும்.

ஹயாவ் மியாசாகி இயக்கி 2004ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹவுலின் நகரும் கோட்டை' இதற்குச் சிறந்த சான்று. 18 வயதுச் சோஃபி சாபத்தால் 90 வயதுக் கிழவியாகிறாள். உறங்கும்போது இளமை மீள்கிறது. மனம் தளர்ந்தால் முதுகு மீண்டும் கூனுகிறது. முடிவில் கூந்தல் வெள்ளியாகவே நிற்கிறது; எனினும் அவளைக் கிழவியென எவரும் கொள்ளார்.

விடுமுறையில் மட்டுமே பாட்டியைக் காணும் நம் குழந்தைகள் அவரை வெண்கூந்தலால் மட்டும் நினைவிற் கொள்வது இயல்பே. அடுத்த முறை ஊருக்குச் செல்லுங்கால், முழங்காலிற் கையூன்றி அவர் எழும் விதத்தை உற்றுநோக்கச் சொல்வோம். அந்த வளைவு தாளில் இறங்கிவிட்டால், சித்திரத்தில் இருப்பவர் யாரோ ஒரு கிழவியல்லர், நம் பாட்டியே.