புள்ளிகள் காட்டும் பாதை

மாணவர்களே! ஒரு புள்ளியின் கிடைத்தொலைவைக் 'கி' என்றும் செங்குத்துத் தொலைவைச் 'செ' என்றும் குறிப்போம்.

(0, 0), (2, 4) ஆகிய இரு புள்ளிகளின் வழியே ஒரே ஒரு நேர்க்கோடுதான் செல்லும். கிடைத்தொலைவு 2 கூடும்போது செங்குத்துத் தொலைவு 4 கூடுகிறது; ஆகவே சாய்வு 4 ÷ 2 = 2. அக்கோடு ஆதிப்புள்ளி வழியே செல்வதால், அதன் சமன்பாடு செ = 2கி.

ஆயினும், அவ்விரு புள்ளிகளின் வழியே செல்லும் பரவளையங்கள் பலவுண்டு. ஆதிப்புள்ளியே முனை என்றும் அச்சு செங்குத்தானது என்றும் அறிந்தால், செ = அ × கி² எனக் கொள்ளலாம். (2, 4) என்னும் புள்ளியைப் பிரதியிட்டால் 4 = 4அ; எனவே அ = 1. சமன்பாடு செ = கி².

இரு புள்ளிகளை மட்டும் கண்டு, பாதை நேரா வளைவா என முடிவு செய்தல் ஆகாது. இவ்விரண்டனுள் எது என மூன்றாம் புள்ளியே காட்டும்: கிடைத்தொலைவு 3 எனில் நேர்க்கோடு 6ஐயும் பரவளையம் 9ஐயும் தரும்.

(5, 25) எதன்மேல் அமையும்? கணக்கிட்டு எழுதுக.