உறைந்த விந்தணுவும் காவிரி மகாசீரும்

எங்கள் கோலார் தங்கவயலுக்கு 1902-ஆம் ஆண்டில் மின்சாரம் தந்தவள் காவிரி. சிவசமுத்திரத்தில் பிறந்த அம்மின்சாரம் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி வழியே வந்தது. சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டுவிட்டன. அதே காவிரியில் வாழும் மகாசீர் மீனுக்கும் இன்று கெட்ட காலம். கெண்டை வகையைச் சேர்ந்தது இது. 1946-இல் கபினியில் தூண்டிலில் அகப்பட்ட ஒன்று 120 ராத்தல் எடை! முதுகு திமில்போல் உயர்ந்த காவிரி இனத்தைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2018-இல் அழிவின் விளிம்பிலுள்ள உயிர்களோடு சேர்த்துவிட்டது.

இத்தகைய மீனினத்தைக் காக்கும் வழிகளில் ஒன்று, ஆண் மீனின் விந்தை உறையவைத்துச் சேமிப்பது. வசந்தத்தில் முட்டையிடும் ஹெரிங் மீனையும் இலையுதிர் காலத்தில் முட்டையிடும் ஹெரிங் மீனையும் கலக்க விரும்பிய பிளாக்ஸ்டர், 1953-இல் இதைச் செய்து காட்டினார். நம் நாட்டில் லக்னோவிலுள்ள தேசிய மீன் மரபுவள நிறுவனம் இத்துறையில் உழைத்துவருகிறது. காவிரி மகாசீரின் உறவினமான மற்றொரு மகாசீரின் விந்தை உறையவைத்த மங்களூர் மீன்வளக் கல்லூரியின் ஆய்வு 2004-இல் வெளிவந்தது.

திரவ நைட்ரஜனின் குளிர் சுழிக்குக் கீழ் 196 பாகை. பனிக்கட்டி அணுவைக் கிழிக்காமலிருக்க டைமெதில் சல்பாக்சைடு போன்ற பொருளைச் சேர்க்கிறோம். அத்துடன் தொல்லை தீர்ந்ததா? இல்லை. எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை வீசுகிறதல்லவா? ஆக்சிஜன் செய்யும் வேலை அது. மீன் விந்தணுவின் மெல்லிய சவ்விலும் அவ்வாறு எளிதில் கெடும் கொழுப்பு மிகுதி. உறையும்போதும் உருகும்போதும் வெறிகொண்ட ஆக்சிஜன் துணுக்குகள் தோன்றிச் சவ்வைத் தாக்குகின்றன. வாலை இயக்கும் மைட்டோகாண்டிரியாவும் பழுதாகிறது. கெண்டையின் விந்தணு தண்ணீரில் பட்டபின் ஏறத்தாழ ஒரு நிமிடமே நீந்தும். அதற்குள் முட்டையிலுள்ள ஒரே சிறு துளையைக் கண்டு நுழைய வேண்டும். அரை உயிரோடு இருப்பது என்ன செய்யும், பாவம்!

விந்து நீரிலேயே இயற்கையான காவற்பொருள்கள் உண்டு. சேமிப்புக் கரைசலை ஊற்றியதும் அவை நீர்த்துப்போகின்றன. அந்தக் குறையை ஈடுசெய்யவே வைட்டமின் சி, வைட்டமின் ஈ, குளூட்டாதயோன், காட்டலேஸ் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். அளவு மிஞ்சினால் வைட்டமின் சி-யே கேடு விளைவிக்கும். ஒரு மீனுக்கு ஒத்தது மற்றொன்றுக்கு ஒத்துவருவதுமில்லை. விந்தணு துடிப்பதை நுண்ணோக்கியில் கண்டு மகிழ்ந்தால் போதாது, முட்டை பொரிந்ததா என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

மீன் முட்டையோ பெரிது, மஞ்சட்கரு நிறைந்தது, விந்தைப்போல் உறையவைத்து மீட்க முடிவதில்லை. 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், உறைந்த வரிக்குதிரை மீன் கருவுக்குள் நுண்ணிய தங்கக் குச்சிகளை வைத்து லேசர் ஒளியால் நொடிப்பொழுதில் சூடேற்றி மீட்டார்கள். தங்கவயலில் பிறந்தவர்களுக்கு இதில் தனி மகிழ்ச்சிதான்! ஆயினும் மகாசீரின் சேமித்த விந்துக்கு முட்டை வேண்டுமானால், காவிரியிலும் மோயாற்றிலும் தாய்மீன் உயிரோடு இருந்தாக வேண்டும்.