எத்தனை மணிக்குப் பறவைகள் வரும்?

கிள்ளான் பக்கம் பறவை பார்க்கப் போகலாமா என்று யாரைக் கேட்டாலும், "போகலாம், ஆனா விடியற்காலையில போகணும்" என்பார்கள். காட்டைப் பொறுத்தவரை அது சரிதான். ஃப்ரேசர் மலையில் வெயில் ஏறுவதற்கு முன்தான் குருவிகள் கூவும், பூச்சி தேடும், கிளைக்குக் கிளை தாவும். ஆனால் கடலோரச் சேற்றில் இந்தக் கணக்கு செல்லாது. அதை நம்பி அதிகாலையில் எழுந்து, காரோட்டிப் போய், எதிரே ஆளரவமற்ற வெறும் சேற்றைப் பார்த்துவிட்டு, "இங்கே ஒன்றுமே இல்லையே" என்று திரும்பியவர்கள் பலர். பறவைகள் அன்றும் அங்கேதான் இருந்திருக்கும். அவை பார்க்கும் கடிகாரம் வேறு. அது எப்படி ஓடுகிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். கையில் இருக்கும் தேநீர் ஆறுவதற்குள் பிடிபட்டுவிடும்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினால் கடைசி நிலையம் பெலாபுஹான் கிள்ளான். இறங்கியதும் அருகிலேயே படகுத்துறை. அங்கிருந்து பூலாவ் கெத்தாம் போகும் படகு, தீவுகளுக்கு நடுவே கடல்நீர் புகுந்து வெளியேறும் கால்வாய்களின் வழியே செல்கிறது. இருபுறமும் உப்புநீரில் வேரூன்றி நிற்பவை அலையாத்தி மரங்கள். கிள்ளான், லங்காட், சிலாங்கூர் ஆறுகள் உள்நாட்டிலிருந்து அரித்துக்கொண்டு வரும் வண்டல் இந்தக் கரையில்தான் படிகிறது. அதனால் மரங்களுக்கு அப்பால் மலாக்கா நீரிணையை நோக்கிப் பரந்த சேற்றுவெளி உருவாகியிருக்கிறது. வடக்கே காப்பார், ஜெராம், கோல சிலாங்கூர் வரை இந்தச் சேற்றுக் கரை நீள்கிறது.

அந்தச் சேற்றில் என்ன இருக்கிறது? கரையில் நின்று பார்த்தால் சாம்பல் நிறச் சகதியும் அழுகிய முட்டை வாடையும்தான் தெரியும். அந்த வாடை குப்பையால் வருவதன்று. மட்கிய இலைகளைக் காற்றே புகாத அடிச்சேற்றில் நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது வெளிவரும் வாயுதான் அது. உயிரோட்டமுள்ள எந்த அலையாத்திச் சேற்றிலும் அது இருக்கும். அதே சேற்றுக்குள் புழுக்கள், நண்டுகள், சிப்பிகள், இறால் குஞ்சுகள் மண்டிக் கிடக்கின்றன. கடலோர மக்கள் கெராங் சிப்பி எடுத்துப் பிழைப்பதும் இங்கேதான். பறவைகளுக்கு இது பெரிய கல்யாணப் பந்தி. ஆனால் எல்லாப் பந்தியையும் போல இதற்கும் நேரம் உண்டு. இலை போட்டிருக்கும்போது உட்கார்ந்தால்தான் சாப்பாடு. இங்கே இலை போடுவதும் எடுப்பதும் கடல்.

கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை பெருகி இரண்டு முறை வற்றுகிறது. நம் ஊரில் இதை ஆயர் பாசாங், ஆயர் சூருட் என்று மலாயிலேயே சொல்லிப் பழகிவிட்டோம். நிலவின் ஈர்ப்பு தன்னை நோக்கியுள்ள பக்கத்துக் கடலைச் சற்றே உயர்த்துகிறது. பூமியின் மறுபக்கத்தில் அந்த ஈர்ப்பு குறைவாக இருப்பதால் அங்கேயும் நீர் உயர்கிறது. சுழலும் பூமியோடு நாமும் சுழன்று, ஒரு நாளில் இந்த இரண்டு மேடுகளையும் கடந்துபோகிறோம். ஒரு பெருக்குக்கும் அடுத்த பெருக்குக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம்.

அந்த 25 நிமிடத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. பூமி ஒரு சுற்றை முடிக்கும் நேரத்துக்குள் நிலவும் தன் பாதையில் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. அதை எட்டிப் பிடிக்கப் பூமிக்கு இன்னும் ஏறக்குறைய 50 நிமிடம் ஆகிறது. அதனால் இன்று காலை எட்டு மணிக்கு நீர் உச்சத்தைத் தொட்டால், நாளை எட்டே முக்கால் மணிக்கு மேல்தான் தொடும். ஒரு வாரம் கழித்து அதே எட்டு மணிக்கு நீர் வற்றிக் கிடக்கும். "விடியற்காலையில் போ" என்ற அறிவுரை சில நாள் பலிப்பதும் சில நாள் ஏமாற்றுவதும் இதனால்தான். பலித்த நாளில் நேரத்தைப் பாராட்டுகிறோம், ஏமாற்றிய நாளில் இடத்தைக் குறை சொல்கிறோம்.

எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும் என்பதும் நிலவைப் பொறுத்ததே. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சூரியனும் நிலவும் பூமியும் ஒரே நேர்கோட்டை ஒட்டி அமைகின்றன. இரண்டின் இழுப்பும் சேர்ந்துகொள்ள, அன்றும் அடுத்த ஓரிரு நாளும் கடல் மிக உயர்ந்து மிகத் தாழ்கிறது. அரைநிலவு தெரியும் அஷ்டமியை ஒட்டி அந்த வேறுபாடு சுருங்கிவிடுகிறது. மலாக்கா நீரிணை வடக்கே அகன்றும் தெற்கே போகப் போகக் குறுகியும் இருப்பதால், உள்ளே வரும் நீர் நெருக்கப்பட்டு உயர்கிறது. கிள்ளான் துறைமுகத்தில் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பெருக்குக்கும் வற்றத்துக்கும் இடையே நான்கு மீட்டருக்கும் மேல் வேறுபாடு இருக்கும். சென்னைக் கரையில் இது ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். கிள்ளான்வாசிகள் நீர்ப்பெருக்கு எச்சரிக்கை வந்தால் வாசலில் மணல்மூட்டை அடுக்குவது இந்த அளவுகளை மனத்தில் வைத்துத்தான். பறவை பார்ப்பவரும் அதே எண்களைத்தான் படிக்க வேண்டும்.

இப்போது பறவையின் பக்கம் வருவோம். கரை தட்டையாக இருப்பதால், நீர் நன்றாக வற்றும்போது சேறு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் விரிகிறது. புதிதாக வெளிப்பட்ட ஈரச் சேற்றில்தான் இரை மேலே இருக்கும். சேறு காயக் காயப் புழுக்கள் ஆழத்துக்குப் போய்விடும். அதனால் பறவைகள் பின்வாங்கும் நீரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே வெகுதூரம் போய்விடுகின்றன. கரையில் நிற்பவருக்கு அவை புள்ளிகள்கூட இல்லை. "நீர் வற்றினால்தானே சேறு தெரியும், சேறு தெரிந்தால்தானே பறவை வரும், அப்படியானால் வற்றும்போது போவோம்" என்று யோசிப்பவரும் இங்கே தவறுகிறார். பறவை அப்போது சாப்பிடுகிறது என்பது உண்மை. நம் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் சாப்பிடுகிறது என்பதும் உண்மை.

இந்தக் கரைப்பறவைகள் பகல், இரவு பார்ப்பதில்லை. நள்ளிரவில் நீர் வற்றினாலும் இறங்கி மேய்கின்றன. உள்ளான் வகைகளின் அலகு நுனியில் தொடுவுணர்ச்சி நரம்புகள் செறிந்திருப்பதால், கண்ணுக்குத் தெரியாத புழுவை அலகை நுழைத்தே கண்டுகொள்கின்றன. உப்புக்கொத்திகளுக்கோ பெரிய கண்கள். சற்று ஓடி, நின்று, பார்த்து, சட்டெனக் கொத்தும். கர்லியூ என்ற பறவையின் கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகு ஆழமான வளைக்குள் ஒளிந்த நண்டை எட்டும். பவளக்காலியின் நடுத்தர அலகு மேல்தட்டுக்குப் போதும். ஒரே சேற்றில் இத்தனை இனங்கள் முட்டிமோதாமல் மேய்வதற்கு இந்த அலகு வேறுபாடு பெரிய காரணம். இப்படி அவற்றின் தூக்கமும் உணவும் நீரின் நேரத்தைப் பின்பற்றுகின்றன.

பிறகு நீர் திரும்புகிறது. விளிம்பு கரையை நோக்கி நகர, பறவைகளும் அதற்கு முன்னால் நகர்ந்துகொண்டே வருகின்றன. ஒரு கிலோமீட்டர் பரப்பில் சிதறியிருந்தவை மெல்ல மெல்லக் குறுகிய சேற்றுப் பட்டையில் நெருங்கி நிற்கின்றன. உச்சப் பெருக்குக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம்தான் நாம் கரையில் இருக்க வேண்டிய வேளை. இந்த வேளையில் நாம் பறவையைத் தேடிப் போக வேண்டியதில்லை. அசையாமல் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தால் கடலே அவற்றை நம்மருகே கொண்டுவந்து சேர்க்கும்.

கடைசிச் சேறும் மூழ்கியதும் அவை கூட்டமாக எழும்பி, நீர் எட்டாத ஒரு திட்டுக்குப் போய் இறங்குகின்றன. அங்கே ஒற்றைக்காலில் நின்று ஓய்வெடுக்கும், இறகு கோதும், அடுத்த வற்றத்துக்குக் காத்திருக்கும். இதைப் பெருக்குநேரத் தங்கிடம் என்று சொல்லலாம். சிலாங்கூர்க் கரையில் பறவை ஆர்வலர்கள் நெடுங்காலமாகச் சொல்லும் தங்கிடம் ஒன்று வியப்பானது. காப்பாரிலுள்ள சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் மின்நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் குளங்கள்தான் அது. அலையாத்திக்குப் பக்கத்தில், திறந்த வெளியாக, மனித நடமாட்டம் குறைந்து இருப்பதால் ஆயிரக்கணக்கான கரைப்பறவைகள் அங்கே ஒதுங்கியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். உலக அளவில் அரிதான நோர்ட்மன் பச்சைக்காலியும் அவற்றில் ஒன்று. ரஷ்யாவின் ஒகோட்ஸ்க் கடலோரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தொலைவு வரும் பறவை அது. மின்நிலைய வளாகம் என்பதால் நினைத்தபோது உள்ளே போக முடியாது.

அப்படியானால் எந்த நாளில் கிளம்புவது? ஜூபெம் என்று நாம் அழைக்கும் நில அளவை, வரைபடத் துறையும், கடற்படையின் நீரளவை மையமும் ஆண்டுதோறும் நீர்ப்பெருக்கு அட்டவணை வெளியிடுகின்றன. அதில் பெலாபுஹான் கிள்ளான் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி அங்கே உச்சப் பெருக்கு பெரும்பாலும் அதிகாலையிலும் அந்தியிலும் வருகிறது. மூன்று நான்கு நாள் கழித்துப் பார்த்தால் அது காலை ஒன்பது மணிவாக்கில் வந்து நிற்கும். நீரும் இன்னும் உயரமாகவே இருக்கும். அன்று ஏழு மணிக்குக் கரையில் இருந்தால் போதும். இது மேற்குக் கரை ஆதலால் காலைச் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருந்து பறவையின் மேல் வெளிச்சம் போடும். மாலையில் போனால் வெயில் நம் கண்ணில் அடிக்கும், பறவை வெறும் கறுப்பு உருவமாகத் தெரியும். காலை நல்லது என்பதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் காலைக்கு முன் அட்டவணையைப் பார்த்தாக வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு ஏற்ற இடம் தாமான் ஆலாம் கோல சிலாங்கூர். 1940இல் தொடங்கப்பட்ட மலேசிய இயற்கைக் கழகத்தின் முயற்சியால் 1987இல் உருவான பூங்கா அது. ஒரு பக்கம் உவர்நீர்க் குளம், மறுபக்கம் அலையாத்திக்காடு. நீரின் நேரம் தப்பிப்போன நாளிலும் அங்கே ஏமாற்றமில்லை. மீன்கொத்தியும் கொக்கும் ஓடையோரத்தில் எந்நேரமும் இருக்கும். தலைக்கு மேலே செம்பருந்து வட்டமிடும். வற்றிய ஓடையின் கரையில் சேற்றுத்தாவி மீன்கள் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் போக்கலாம். தொலைதூரத்திலிருந்து வரும் கரைப்பறவைகளைக் காண செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை ஏற்ற காலம்.

வேடந்தாங்கலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இவையும் முட்டையிட வந்தவை என்று தோன்றக்கூடும். இந்தக் கரைப்பறவைகள் கூடு கட்டுவது சைபீரியா போன்ற வடநிலங்களில். இங்கே வருவது வடக்கின் குளிருக்குத் தப்பி, உண்டு, உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ள. அந்தக் கொழுப்புதான் பயணத்துக்கு எரிபொருள். 2022இல், பிறந்து ஐந்தே மாதமான பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியா வரை 11 நாட்கள் எங்கும் இறங்காமல் சுமார் 13,560 கிலோமீட்டர் பறந்ததைச் செயற்கைக்கோள் வழியே கண்டறிந்தார்கள். அந்தப் பறவையின் வழி கிள்ளானைத் தொடவில்லை. அதன் இனத்தார் நம் சேற்றில் மேய்கிறார்கள். தங்கிடத்தில் ஓய்வெடுக்கும் கூட்டத்தைப் படம் எடுப்பதற்காக நாம் நெருங்கிக் கிளப்பிவிட்டால், அவை சேர்த்து வைத்ததில் கொஞ்சத்தை வீணாக எரிக்கின்றன. அதனால் தள்ளி நின்று பார்ப்போம். தொலைநோக்கி இருப்பது அதற்குத்தான்.

நேரத்தைத் தவறாகக் கணிப்பதால் நமக்கு ஒரு காலைப்பொழுது போகலாம். அதனால் காலி என்று கருதப்படும் நிலத்துக்கு நேரும் இழப்பு அதைவிடப் பெரியது. இந்தச் சதுப்பைக் கண்டு மனிதர்கள் அஞ்சியதற்கும் காரணம் இருந்தது. 1901இல் இன்றைய கிள்ளான் துறைமுகமான போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டபோது மலேரியா தொழிலாளர்களை வாரிக்கொண்டு போனது. மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்துத்தான் அந்த உயிர்ப்பலியைக் கட்டுப்படுத்தினார். பிறகு கரையணை கட்டிக் கடலைத் தடுத்துத் தோட்டங்கள் எழுந்தன. கேரித் தீவு போன்ற அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களில் நம் முன்னோர் ஏராளம். அந்தத் தேவைகள் உண்மையானவை. இன்று எஞ்சியிருப்பதை அளக்கும்போதுதான் கவனம் வேண்டும்.

நீர் பெருகியிருக்கும்போது சேற்றுவெளிக்குப் போய்ப் பார்த்தால் அங்கே பறவை இல்லை. நீர் வற்றியிருக்கும்போது தங்கிடத் திட்டுக்குப் போய்ப் பார்த்தால் அங்கும் பறவை இல்லை. இரண்டுமே காலி நிலம் என்று எழுதிவிடலாம், இரண்டும் பொய்யாகவே இருக்கும். மேய ஓர் இடம், ஒதுங்க ஓர் இடம் என இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு கரைப்பறவைக்கு ஒரு நாள் முழுமையாகும். ஒன்றை மட்டும் காப்பாற்றினால் மற்றதும் பயனற்றுப் போகும். ஆகவே அடுத்த முறை யாராவது ஒரு கரையோரத்தைக் காட்டி "இங்கே ஒன்றுமில்லை" என்று சொன்னால், எத்தனை மணிக்குப் போய்ப் பார்த்தீர்கள், அப்போது நீர் எங்கே இருந்தது என்று கேட்போம். பதில் வரும்வரை அந்த நிலத்தைக் காலி என்று ஏற்க வேண்டாம்.