வெளிநிலை வன்தட்டும் காப்புநகலும்

யூஎஸ்பி வடத்தின் வழியாகக் கணினியுடன் இணைத்துக் கோப்புகளைச் சேமிக்கும் கையடக்கக் கருவி வெளிநிலை வன்தட்டு ஆகும். பேச்சுவழக்கில் இது எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் எனப்படுகிறது. கணினியில் உள்ள கோப்புக்கு இன்னொரு படியைத் தனியே வைத்திருப்பது காப்புநகல் அல்லது பேக்கப் ஆகும்.

தேவை

ஈரோடு மாவட்டத்தின் பெருந்துறையில் 1984-இல் தொடங்கப்பட்ட கொங்கு பொறியியல் கல்லூரி, அரசு மருத்துவக் கல்லூரி, சிப்காட் தொழில் வளாகம் ஆகியவை உள்ளன. இறுதியாண்டு மாணவரின் புராஜெக்ட், ஆலையின் சம்பளக் கணக்கு, கொப்பரை வணிகரின் கொள்முதல் பதிவு போன்றவை பெரும்பாலும் ஒரே கணினியில் இருக்கும். கணினி பழுதானால் வேறு வாங்கலாம். ஆறு மாத உழைப்பை வாங்க முடியாது.

இடம் போதவில்லை என்று கோப்புகளை வன்தட்டுக்கு மாற்றிவிட்டு மடிக்கணினியில் அழித்துவிடுவோர் பலர். இது காப்புநகல் ஆகாது. அப்போதும் இருப்பது ஒரே படிதான்.

அமைக்கும் முறை

1. கொள்ளளவு: கணினியில் நிரம்பியுள்ள அளவைப்போல் இருமடங்கு இருப்பது நல்லது. 1 டெராபைட் வன்தட்டை விண்டோஸ் ஏறத்தாழ 931 ஜிபி எனக் காட்டும். தயாரிப்பாளர் 1000-இன் மடங்காகவும் விண்டோஸ் 1024-இன் மடங்காகவும் கணக்கிடுவதே இதற்குக் காரணம்.

2. ஃபார்மேட்: விண்டோசுக்கு மட்டும் எனில் என்டிஎஃப்எஸ் ஏற்றது. விண்டோஸ், மேக் இரண்டுக்கும் இடையே கோப்புகளைக் கொண்டுசெல்ல எக்ஸ்ஃபேட் உதவும். ஃபார்மேட் செய்தால் வன்தட்டில் இருப்பவை அழிந்துவிடும்.

3. மென்பொருள்: விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் கன்ட்ரோல் பேனலில் 'ஃபைல் ஹிஸ்டரி' உள்ளது. இயக்கிவிட்டால், வன்தட்டு இணைந்திருக்கும்போது மணிக்கொரு முறை மாறிய கோப்புகளைப் படியெடுக்கும். டி டிரைவில் உள்ள ஃபோல்டர்கள் தானாகச் சேராது. அவற்றை லைப்ரரியில் சேர்க்க வேண்டும். மேக் கணினியில் 2007 முதல் 'டைம் மெஷின்' இப்பணியைச் செய்கிறது.

4. சோதனை: காப்புநகலிலிருந்து ஒரு கோப்பை வேறு ஃபோல்டருக்கு மீட்டுத் திறந்து பார்க்க வேண்டும். திறக்காத நகல் இருந்தும் பயனில்லை. மாதம் ஒருமுறை இதைச் செய்வது நல்லது.

பாதுகாப்பு

வேலை முடிந்ததும் 'ஈஜெக்ட்' கொடுத்த பின்னரே வடத்தைக் கழற்ற வேண்டும். வன்தட்டுக்குள் தகடு சுழலும்போது கீழே விழுந்தால் தரவு முழுவதும் போய்விடக்கூடும். எப்போதும் இணைத்தே வைப்பதும் ஆபத்து. 2017 மே மாதத்தில் பல நாடுகளில் பரவிய வானாக்ரை போன்ற பணம் பறிக்கும் நிரல்கள், கணினியோடு இணைந்திருக்கும் வன்தட்டின் கோப்புகளையும் பூட்டிவிடும்.

இதற்காக 3-2-1 என்ற விதி பின்பற்றப்படுகிறது. மொத்தம் 3 படிகள், 2 வகைச் சேமிப்பு ஊடகங்கள், 1 படி வேறோர் இடத்தில் என்பது இதன் பொருள். விடுதி மாணவர் ஒரு படியை மடிக்கணினியிலும், ஒன்றை ஊர் வீட்டில் வைக்கும் வன்தட்டிலும், மற்றொன்றை மேகச் சேமிப்பிலும் வைக்கலாம். மடிக்கணினியும் வன்தட்டும் ஒரே பையில் இருந்தால், பை தொலையும் நாளில் இரண்டும் சேர்ந்தே தொலையும்.