வயிறு வளரும் மாதங்களில் உடைக்கு என்ன செய்வது?

"போன மாதம் ஏன் கிளினிக்குக்கு வரவில்லை?" என்று மிஸ்ஸி கேட்டபோது எங்கள் எதிர்வீட்டுப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். துணைக்குப் போயிருந்த என்னிடம் வெளியே வந்த பிறகுதான் காரணத்தைச் சொன்னாள். "போட்டுக்கிட்டு வர ஒரு நல்ல சட்டை கிடையாதுக்கா. எல்லாம் பத்தாம போச்சு. கட்டில்ல படுக்கச் சொன்னா என் பாவாடையைப் பார்த்து என்ன நினைப்பாங்க?"

ஐந்து மாதம் முடிந்திருந்தது. அதுவரை பழைய பாவாடை நாடாவையே இடுப்பில் இறுக்கி முடிந்திருக்கிறாள். நாடா பதிந்த இடம் முழுவதும் கன்றிச் சிவந்து கிடந்தது. கணவரின் சம்பளத்தில் வாடகையும் மாமியாரின் மருந்துச் செலவும் போக மிச்சம் சொற்பம். அதில் தனக்கென்று துணி கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

சகோதரிகளே, சட்டை இல்லை என்பதற்காக ஒரு பரிசோதனையைத் தவறவிடலாமா? இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதா, இரத்தச் சோகை இருக்கிறதா, குழந்தை மாதத்துக்கேற்ப வளர்கிறதா என்பதெல்லாம் அங்கே போனால்தானே தெரியும்! பேரங்காடியில் "தாய்மை உடை" என்று தனியாகத் தொங்கும் கவுன்களின் விலையைப் பார்த்துப் பயந்து விடாதீர்கள். நமக்கு வேண்டியதில் முக்கால்வாசி வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது.

முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். கருப்பை மூன்று மாதம் வரை இடுப்பெலும்புக்குள்தான் இருக்கும். ஐந்தாம் மாத வாக்கில் தொப்புள் மட்டத்துக்கு வரும். ஒன்பதாம் மாதத்தில் நெஞ்சுக்குழியை எட்டிப் பிடிக்கும். ஆகவே முதல் மூன்று மாதங்களுக்குப் பெரும்பாலும் புதுத்துணியே தேவைப்படாது. பெரிய அளவுச் சட்டைகள் வேண்டியிருப்பது நாலைந்து மாதங்களுக்கு மட்டுமே. வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னும் குறைவு. மலேசியாவில் 2023 ஜனவரி முதல் தனியார் துறைப் பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது அல்லவா? இந்தக் கொஞ்சக் காலத்துக்கு அரை டஜன் கவுன் வாங்குவது, அடுத்த வருடம் அலமாரியில் தூங்கப்போகிற துணிக்குக் காசு கொடுப்பதுதான்.

இனி அலமாரியைத் திறப்போம்.

சேலை ஒன்றுதான் எந்த மாதத்துக்கும் அளவு மாறாத உடை. கொசுவத்தை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டினால் போதும். சிக்கல் பாவாடையில்தான். நாடாவை உருவி விட்டு அதே மடிப்பில் ஓர் அங்குல அகல எலாஸ்டிக்கைக் கோத்து விடுங்கள். எலாஸ்டிக்கின் ஒரு முனையில் தட்டையான பொத்தான் ஒன்று. மறுமுனையில் ஓர் அங்குல இடைவெளியில் ஐந்தாறு காஜா. வயிறு வளர வளர அடுத்த காஜாவுக்குத் தள்ளிக்கொண்டே போகலாம். பொத்தானைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டால் உறுத்தாது. பிள்ளை பெற்ற பின் மறுபடியும் நாடாவைக் கோத்துவிட்டால் பழைய பாவாடை பழைய பாவாடைதான்!

ரவிக்கைக்குப் புதுத்துணி எடுக்கும் முன் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். நம் தையற்காரர்கள் பக்கத் தையலில் விட்டு வைக்கும் துணியைப் பிரித்தாலே ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் கிடைத்து விடும். அதுவும் போதாவிட்டால் கொக்கிப் பக்கத்தில் ஒரு பட்டி ஒட்டுத் தைக்கலாம். சேலைத் தலைப்பு மறைத்து விடும் இடம்தானே அது!

வீட்டில் இருக்கும் நேரத்துக்குக் கைலியை மிஞ்ச ஒன்றுமில்லை. வயிற்றுக்கு மேலே கட்டினாலும் சரி, கீழே கட்டினாலும் சரி, இறுக்க வேண்டியதில்லை. ஆனால் கணுக்காலுக்குக் கீழே இழுபடும்படி கட்டாதீர்கள். வயிறு மறைக்கிறபோது காலடி கண்ணுக்குத் தெரியாது. குளியலறைப் படியில் கைலி தடுக்கி விழுந்தால் யார் பொறுப்பு?

மேலுக்கு வீட்டுக்காரரின் சட்டை இருக்கிறது. அந்தக் காலத்தில் பால் வெட்டப் போன நம் தோட்டத்துப் பெண்கள், கொசுக்கடிக்குப் பயந்து கணவரின் முழுக்கைச் சட்டையைத்தானே கைலிக்கு மேல் போட்டுக்கொண்டு போனார்கள்? காலர் நைந்துவிட்டது என்று அவர் ஒதுக்கி வைத்திருக்கும் சட்டையில் காலரை மட்டும் வெட்டிப் பட்டி வைத்துத் தைத்தால் புதுச் சட்டை மாதிரி இருக்கும். பொத்தான் மறுபக்கம் இருக்கிறதே என்று யாரும் உற்றுப் பார்க்கப் போவதில்லை. அப்படிப் பார்க்கிறவர்களுக்கு வேறு வேலை இல்லை என்று அர்த்தம்.

அலுவலகத்துக்குக் காற்சட்டை போட்டுப் போகிறவர்கள், முன்பக்க இடுப்புப் பட்டையைப் பிறை போல வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் பழைய பனியன் துணியை இரட்டையாக மடித்துத் தைத்துக்கொள்ளலாம். மேலே நீளச் சட்டை வந்துவிட்டால் ஒட்டு வெளியே தெரியாது. பாஜு குரோங் இருந்தால் இன்னும் நல்லது. மேல்சட்டை முழங்கால்வரை தொங்குகிறது. பாவாடையில் எலாஸ்டிக் மாற்றினால் வேலை முடிந்தது.

நீங்களே தைப்பதாயிருந்தால் ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். வயிறு துணியை மேலே தூக்கும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நீளத்தில் வெட்டினால் எட்டாம் மாதத்தில் முன்பக்கம் மட்டும் ஏறிக்கொண்டு நிற்கும். முன்பக்கத்தை இரண்டு, மூன்று அங்குலம் கூடுதலாக வெட்டி, கீழ் மடிப்பில் வைத்துத் தைத்துவிடுங்கள். பிறகு தேவைப்படும்போது மடிப்பைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். துணி பருத்தியாக இருக்கட்டும். நம் ஊர் வெயிலில் நைலான் வேர்க்குருவை வரவழைக்கும்.

கிளினிக்குப் போகும் நாளுக்கு மட்டும் ஒரு ஜோடியைத் தனியே எடுத்து வையுங்கள். அது மேல் வேறு, கீழ் வேறாக இருப்பது அவசியம். கழுத்திலிருந்து கால்வரை ஒரே கவுனாகப் போட்டுப் போனால், வயிற்றை அளக்க முழு உடையையும் தூக்க வேண்டும். கூச்சம் வருவது அதனால்தான்! சட்டையும் பாவாடையுமாகப் போனால் சட்டையை மட்டும் உயர்த்தினால் போதும். இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றவும் ஊசி போடவும் மேல்கை வேண்டும். கை தளர்வாக இருக்கட்டும். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு நான் முதலில் தைத்துக் கொடுத்தது இதைத்தான். அவள் கணவரின் நீலக்கோட்டுச் சட்டை ஒன்றும், எலாஸ்டிக் வைத்த பாவாடையும். செலவு, எலாஸ்டிக்குக்கும் நூலுக்கும் மட்டும்.

சரி, எதற்குத்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும்? உள்ளாடைக்கும் செருப்புக்கும். கையில் நூறு வெள்ளி இருந்தால் பாதியை இதற்கே ஒதுக்குங்கள் என்பேன். மார்பகம் முதல் மாதங்களிலேயே பெருக்கத் தொடங்கிவிடும். பழைய பாடியைக் கம்பி வலிக்க வலிக்கப் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். ஆரம்பத்தில், நூல் கடையில் விற்கும் கொக்கிப் பட்டையை முதுகில் சேர்த்துச் சமாளிக்கலாம். எட்டு மாதம் முடிந்ததும், முன்பக்கம் திறக்கிற, அகலத் தோள்பட்டை வைத்த பருத்திப் பாடி இரண்டு வாங்கிவிடுங்கள். பால் கொடுக்கும் காலம் முழுவதும் அதுவே உதவும். முன்பக்க ஜிப் வைத்த நைட்டி வாங்குவதும் இதே கணக்கில்தான் லாபம்.

செருப்பு, குதிகாலில் வார் உள்ளதாக, தட்டையாக, வழுக்காததாக இருக்கட்டும். மாலையில் போய் வாங்குங்கள்; பகலெல்லாம் நின்ற கால் அப்போதுதான் வீங்கியிருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கால் வீக்கம் சாதாரணம் என்று இருந்துவிடாதீர்கள். முகமும் கையும் திடீரென்று வீங்கினாலோ, கடுமையான தலைவலி வந்தாலோ, கண் மங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

பண்டல் கடையில் வாங்க வெட்கப்பட வேண்டாம். நாலு மாதம் மட்டும் போட்ட துணி அங்கே புதிதாகவே கிடக்கிறது. கொதிநீரில் அலசி வெயிலில் காயப்போட்டு உடுத்துங்கள். அதைவிட, போன வருடம் பெற்றெடுத்த அண்ணியிடமோ பக்கத்து வீட்டுத் தங்கச்சியிடமோ கேட்டுப் பாருங்கள். கொடுக்க மனதிருந்தும், நீங்கள் தவறாக நினைப்பீர்களோ என்று தயங்கிக்கொண்டிருப்பார்கள்.

வளைகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே ஒரு நாள் கட்டும் பட்டுக்குத் தாய்வீடு கடன் வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது சம்மதமில்லை. கல்யாணப் பட்டு பெட்டியில் இருக்கிறதே, அதைக் கட்டிக்கொள்ளுங்கள். அம்மா ஏதாவது எடுத்துத்தான் தருவேன் என்றால், நல்ல பருத்தியில் பாத்தேக் கைலி நாலு கேளுங்கள். இப்போது உடுத்தலாம், ஆஸ்பத்திரியில் உடுத்தலாம், பிறகு ஸ்பிரிங் தொட்டிலில் கட்டிப் பிள்ளையைத் தூங்க வைக்கலாம்.

எட்டாம் மாத முடிவில் பையைக் கட்டி வைத்துவிடுங்கள். கைலி இரண்டு, முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை இரண்டு, அந்தப் புதுப் பாடி, செருப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, எடுத்தவுடன் கைக்கு வரும்படி, கிளினிக்கில் கொடுத்த ரோஜா நிறப் புத்தகமும் அடையாளக் கார்டும்.